தொண்ணூற்றேழு

"ஸ்டெபிலிட்டி இம்ப்ரூவ்மென்ட்னு போட்டுருங்க, போதும்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் சபரீசன் தன் கண்ணாடி அறைக்குள் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. வஞ்சிக்கொடிக்கு அந்த இரண்டு வார்த்தைகளும் பல்லிடுக்கில் மாட்டிய மாம்பழ நார் மாதிரி போகாமல் நின்றன. நிலைத்தன்மை மேம்பாடு. எரிச்சலூட்டும் இங்கிலீஷ் வார்த்தை எதுவானாலும் உடனே தமிழில் சொல்லிப் பார்ப்பது அவளுக்குச் சின்ன வயசுப் பழக்கம். அப்பா கரூரில் தமிழ் வாத்தியார், பெண்ணுக்கு இப்படி ஒரு பெயரை வைத்தவர். நிலைத்தன்மையாம். நிலையாகத்தானே நின்றது அந்த எண்? தொண்ணூற்றேழு, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றேழு என்று பதினோரு நிமிஷம் அசையாமல் நின்றதே, அதைவிட நிலையாக உலகத்தில் எது நிற்கும்? கட்டிலில் கிடந்த மனுஷனுக்கு ரத்தத்தில் பிராணவாயு எழுபதுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தபோது, தலைமாட்டில் இருந்த மானிட்டர் பெட்டி, இவர்கள் செய்து விற்ற பெட்டி, பச்சை எழுத்தில் எல்லாம் சௌக்கியம் என்று காட்டிக்கொண்டு நின்றது. இப்போது அதை மேம்படுத்த வேண்டுமாம். அதுவும் சாயங்காலம் ஐந்து மணிக்குள், அறுநூற்றுப் பன்னிரண்டு ஆஸ்பத்திரிகளில் இருக்கிற பெட்டிகளிலும், யாரும் எதற்கு என்று கேட்காத மாதிரி. அவள் கீபோர்டை முன்னால் இழுத்தாள். மணி இரண்டேகால். காளப்பட்டி ரோட்டில் லாரி ஒன்று போக, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சாப்பிட்ட தயிர்சாதம் நெஞ்சிலேயே நின்றது, அதுவும் நிலையாக.

திரையில் கெர்னல் அமைப்புப் பட்டியல் திறந்திருந்தது. நீலப் பின்னணி, சாம்பல் பெட்டி, வரிவரியாகக் கேள்விகள். பதினாறு வருஷமாக அவள் பார்ப்பது. வேலை என்ன என்று சொந்தக்காரர்கள் கேட்டால் கம்ப்யூட்டர் வேலைதான் என்று முடித்துக்கொள்வாள். விளக்கிச் சொன்னால், எந்தக் கருவியிலும் திரையில் தெரிகிற படங்களுக்கு எல்லாம் அடியில் ஒரு நிரல் ஓடுகிறது, எந்த வன்பொருளுக்கு எப்போது மின்சாரம் கொடுப்பது, எதை எழுப்புவது, எதைத் தூங்க வைப்பது என்று அதுதான் முடிவு செய்யும், அந்த அடி நிரலுக்குக் கெர்னல் என்று பேர், அதை இந்தப் பெட்டிக்கு ஏற்ற மாதிரி அமைத்துக் கொடுப்பது என் வேலை என்று சொல்ல வேண்டும். யார் கேட்பார்கள் அவ்வளவு? ஒவ்வொரு கேள்விக்கும் ஆம் அல்லது இல்லை. இந்தச் சிப்புக்கு ஆதரவு வேண்டுமா, ஆம். ஃப்ளாப்பி டிஸ்க் வேண்டுமா, இல்லை. மின்சாரம் போனால் நினைவகத்தை வைத்துக்கொண்டு தூங்கலாமா. சும்மா இருக்கும் கருவிகளைத் தானாகத் தூங்க வைக்கலாமா. எத்தனை வினாடி சும்மா இருந்தால். அங்கே வந்ததும் அவள் விரல் நின்றது. இரண்டு. இரண்டு வினாடி என்று அதில் எழுதியிருந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே உதவிக் குறிப்பு இருக்கும். அதன் கடைசி வரி பெரும்பாலும் ஒன்றுதான், உங்களுக்குச் சந்தேகமாக இருந்தால் இல்லை என்று சொல்லுங்கள், அல்லது, சந்தேகமாக இருந்தால் ஆம் என்று சொல்லுங்கள். எங்கோ உட்கார்ந்து இதை எழுதியவர்கள், முகம் தெரியாதவர்கள், மனுஷனுக்குச் சந்தேகம் வரும் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு இவர்கள் அனுப்பிய நாலு பக்க அறிக்கையில் சந்தேகத்துக்கு ஒரு வரி கிடையாது. கருவியில் எந்தக் குறையும் இல்லை. விரல் கிளிப் சரியாகப் பொருத்தப்படவில்லை. பணியில் இருந்த செவிலியரின் கவனக்குறைவு. முற்றுப்புள்ளி. எவ்வளவு திடமான முற்றுப்புள்ளி! அந்த முற்றுப்புள்ளியை வைத்தவன் அந்தப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டு என்பதை அழித்தாள். தானாகத் தூங்க வேண்டாம் என்று மாற்றினாள். பிறகு வேறொரு கோப்பைத் திறந்து, மார்ச் மாதத்துக்குப் பிறகு வந்த, விரல் கிளிப்பைப் படிக்கிற புது சென்சார் பலகையின் எண்ணைப் போட்டு, இதை ஒருபோதும் தூங்க வைக்காதே என்று ஒரு வரி சேர்த்தாள். ஒரே வரி. எழுத இருபது வினாடி ஆகியிருக்குமா? எல்லாம் சேர்ந்து புதுக் கெர்னலாகக் கம்பைல் ஆகக் கட்டளை கொடுத்தாள். நாற்பது நிமிஷம் ஆகும்.

வரிகள் ஓட ஆரம்பித்தன. கண் அதில் இருந்தது, மனசு உடுமலைக்குப் போய்விட்டது. போகாதே என்றால் கேட்கிறதா. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, பெட்டியை எடுத்துவர சபரீசன் காரில் அவளும் போயிருந்தாள். சின்ன தனியார் ஆஸ்பத்திரி, இரண்டு மாடி, வாசலில் இளநீர் வண்டி, மாடிப்படியில் பினாயில் வாசனை. தண்டபாணி என்கிற பஸ் கண்டக்டர், நாற்பத்தாறு வயசு, குடல்வால் ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த இரண்டாவது மணி நேரம். மத்தியானம் கரண்ட் போயிருக்கிறது. பெட்டி பாட்டரிக்கு மாறியிருக்கிறது. அவர் கையை ஒருமுறை அசைத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த நர்ஸ், ரெஜினாமேரி, முப்பது வயசு இருக்கும், ஒல்லி, காதோரம் வியர்வை, பெரிய டாக்டருடைய அறையில் அவளை உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்திருந்தார்கள். "நான்தானுங்க மாட்டுனேன். கிளிப்பு விரல்லதான் இருந்துச்சு. கடைசி வரைக்கும் இருந்துச்சு. மெஷின்ல தொண்ணூத்தேழுன்னுதான் காட்டுச்சு. அவரு ஒதட்டப் பாத்துதானுங்க எனக்குச் சந்தேகம் வந்து ஓடுனேன்" என்றாள். மெஷினை நம்பாமல் உதட்டைப் பார்த்த ஒரே ஆள். அவள் பார்க்காமல் இருந்திருந்தால் அந்த மனுஷன் இன்றைக்கு இல்லை. இப்போது இருக்கிறார், ஆனால் பழனி போகிற வழியில் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்ல வரவில்லையாம், ஆஸ்பத்திரிக் கடிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. அப்போது சபரீசன் வஞ்சிக்கொடி பக்கம் திரும்பி, "டெக்னிக்கலா நீங்க சொல்லுங்க வஞ்சி" என்றான். அவள் சொன்னாள். என்ன சொன்னாள்? சில சமயம் கிளிப் நழுவினால் இப்படி ஆகலாம் என்று சொன்னாள். ஆகலாம்! பெரிய நியாயஸ்தி மாதிரி ஒரு லாம் போட்டுக்கொண்டாள். அந்த லாம் அறிக்கைக்கு வந்தபோது உதிர்ந்துவிட்டது. ரெஜினாமேரி வஞ்சிக்கொடியைத்தான் பார்த்தாள், டாக்டரை அல்ல, சபரீசனை அல்ல. அந்த அறையில் இன்னொரு பொம்பளை அவள் ஒருத்திதான். "நீங்களுமாங்க மேடம்?" என்று வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம். மறுநாளே ரெஜினாமேரியை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

சூடு காதுக்கு ஏறியது. ஏசி பதினெட்டில் ஓடுகிறது, பக்கத்து வரிசையில் ஒரு பெண் துப்பட்டாவைத் தோளில் சுற்றிக்கொண்டிருக்கிறாள், இவளுக்கு மட்டும் வேர்க்கிறது. சபரீசன் கேட்டது அவ்வளவு இயல்பாக இருந்ததே, டெக்னிக்கலா நீங்க சொல்லுங்க என்று. பதினாறு வருஷத்தில் அவளை எந்தக் கூட்டத்திலாவது டெக்னிக்கலாகச் சொல்லச் சொல்லியிருக்கிறானா? மார்ச்சில் சொன்னாளே. பலகை கொடுக்கிற கம்பெனி மாறுகிறது, புதுப் பலகை தூங்கி எழுந்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு வாரம் வேண்டும் என்று டெக்னிக்கலாகத்தான் சொன்னாள், மெயிலும் போட்டாள். "அதே போர்டுதாங்க வஞ்சி, கலர் மட்டும்தான் வேற. ரெண்டு நாள்ல முடிங்க" என்றான். கலர் மட்டும்தான் வேறயாம்! பழையது பச்சை, புதியது நீலம். பாட்டரியில் ஓடும்போது கை அசைந்து இரண்டு வினாடி அளவு வராமல் போனால் பலகை தூங்கிவிடும். பச்சை தூங்கினால் எழுந்திருக்கும். நீலம் எழுந்திருக்காது, எழுந்த மாதிரி தலையாட்டும், ஒரு எண்ணும் அனுப்பாது. மேலே இருக்கிற திரை நிரல் புது எண் வராததால் பழைய எண்ணையே வைத்துக்கொண்டு நிற்கும். இதைத் திங்கட்கிழமை அவள் தன் மேசையில் தன் விரலையே கிளிப்பில் மாட்டிக் கண்டுபிடித்தாள். பிளக்கைப் பிடுங்கினாள், விரலை எடுத்தாள், ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினாள், திரும்ப மாட்டினாள், பிறகு எடுத்தே விட்டாள். விரல் இல்லாத கிளிப் மேசையில் கிடக்க, திரையில் தொண்ணூற்றெட்டு. பேனாவை மாட்டினாள், தொண்ணூற்றெட்டு. வெறும் காற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பாத்ரூமில் போய் முகம் கழுவிவிட்டு வந்து சபரீசனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அந்த ஒரு நிமிஷம் அவனை அவள் நம்பினாள், முகம் அப்படி வெளுத்திருந்தது. பிறகு நிமிர்ந்து, "சூப்பர் கேட்ச்சுங்க. சைலன்ட்டா ஃபிக்ஸ் பண்ணிரலாம்" என்றான். "சார், அந்த ரிப்போர்ட்டு?" "எந்த ரிப்போர்ட்டுங்க?" "உடுமலை." "அது குளோஸ் ஆயிருச்சே. இப்பப் போய் அதைக் கிளறுனா அறுநூறு ஆஸ்பத்திரியும் போன் பண்ணுவாங்க. ஆளு உயிரோடதானே இருக்காரு?" ஆளு உயிரோடதானே இருக்காரு. இதை எந்தத் தமிழில் சொல்லிப் பார்ப்பது? ஏற்கெனவே தமிழில்தான் இருக்கிறது.

பாதி முடிந்திருந்தது. ஒலி, ஒளி, வலைப்பின்னல் எல்லாம் தாண்டி யூஎஸ்பி பக்கம் வந்திருந்தது ஓட்டம். ஒரு மஞ்சள் எச்சரிக்கை வந்து போனது, அவள் எழுதியது இல்லை, யாரோ எப்போதோ எழுதியது. அவள் எழுதியது எங்கே? அதைத்தான் அவள் இத்தனை நேரம் நெருங்காமல் சுற்றிச் சுற்றி வருகிறாள், தனக்கே தெரிகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த இரண்டு வினாடியைப் போட்டது யார்? பதிவேட்டில் பார்த்தால் பெயர் வரும், தேதி வரும், வஞ்சிக்கொடி என்று முழுப் பெயர் வரும். டெண்டருக்குப் பாட்டரி ஐந்து மணி நேரம் நிற்க வேண்டும் என்றார்கள். பெட்டி நின்றது மூன்றே முக்கால். எப்படியாவது என்றான் சபரீசன். அவள் எட்டு நாள் உட்கார்ந்தாள். திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாள், பிராசசரை மெதுவாக ஓட விட்டாள், சும்மா இருக்கிற ஒவ்வொன்றையும் தேடித் தேடித் தூங்க வைத்தாள். ஐந்து மணி பன்னிரண்டு நிமிஷம் நின்றது. கேக் வெட்டினார்கள். அவள் வாயில் ஊட்டிப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் அவள் சிரித்த சிரிப்பு பொய்யில்லை, அப்படி ஒரு சந்தோஷம். அது தப்பா? பச்சைப் பலகைக்கு அது தப்பில்லை, நூறு தடவை சோதித்தாள், நூறு தடவையும் எழுந்தது. தப்பு நீலம் வந்தபோது. நீலத்தைச் சோதிக்க விடாதவன் தப்பு. அப்படியானால் பெரிய டாக்டர் அறையில் லாம் போட்டது யார்? அப்போது உனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாமே. தெரியாது என்று ஒரு வார்த்தை, சொல்வதற்கு எட்டு நாள் உட்கார வேண்டாமே. எப்படித் திருப்பினாலும் அங்கேயே வந்து முட்டியது. அதுதான் அவளுக்குக் கோபம், அவன் மேல் எரிகிற கோபத்தைக்கூட முழுசாக எரிய விடாமல் நடுவில் இது வந்து தண்ணீர் தெளிக்கிறதே என்று கோபம். இதைத்தான் அவனும் நம்பியிருக்கிறான். வெளியில் சொன்னால் முதலில் வருகிற பெயர் உன்னுடையதுதான் வஞ்சி என்று அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை, மேசை விளிம்பில் இரண்டு விரலால் தட்டினான், போதும். நாற்பத்திரண்டு வயசு. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. வேறு எந்தக் கம்பெனி எடுக்கும், அவள்தான் அந்த மானிட்டரைத் தூங்க வைத்தவள் என்று சொல்லிக்கொள்கிற ஆளை? பயம்தான் இது, கோபம் இல்லை, இதற்குப் பேர் பயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்னதும் ஆச்சரியமாகக் கொஞ்சம் குறைந்தது. ரெஜினாமேரிக்கு எவ்வளவு இருந்திருக்கும்? நிற்க வைத்திருந்தார்களே அவளை. ஒரு நாற்காலி காலியாகத்தான் கிடந்தது, அதில் சபரீசனுடைய லேப்டாப் பை உட்கார்ந்திருந்தது.

மூன்று மணிக்குக் கம்பைல் முடிந்தது. அவள் புதுக் கெர்னலை மேசையில் இருந்த பெட்டியில் ஏற்றி, மறுபடி தொடங்கவிட்டு, விரலை மாட்டினாள். பிளக்கைப் பிடுங்கினாள். விரலை எடுத்தாள். எண் மறைந்து இரண்டு கோடு வந்தது, உடனே பெட்டி கத்த ஆரம்பித்தது, கீச்கீச்சென்று, அந்த வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி. கத்து என்று நினைத்தாள். நன்றாகக் கத்து. அன்றைக்கும் இப்படித்தானே கத்தியிருக்க வேண்டும் நீ. பத்து தடவை செய்தாள், பத்து தடவையும் கத்தியது. பிறகு வெளியீட்டுப் படிவத்தைத் திறந்தாள். மாற்றத்தின் விவரம் என்று ஒரு கட்டம். அதில் எழுதினாள்: மார்ச் மாதத்துக்குப் பின் வந்த சென்சார் பலகை, பாட்டரியில் ஓடும்போது தூக்க நிலைக்குப் போய்த் திரும்ப எழுவதில்லை. அப்போது திரை பழைய ஆக்சிஜன் சாச்சுரேஷன் எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும், அலாரம் அடிக்காது. உடுமலைச் சம்பவத்துக்குக் காரணம் இதுவே. கிளிப் பொருத்தியதில் தவறு இருந்ததாக எந்த ஆதாரமும் இல்லை. தூக்க அமைப்பைப் போட்டது நான், புதுப் பலகையைப் போதுமான அளவு சோதிக்காமல் அனுப்பியது நாங்கள். நாங்கள் என்பதில் ஒரு கணம் நின்றாள். அது சரிதான் என்று விட்டுவிட்டாள். அறுநூற்றுப் பன்னிரண்டு ஆஸ்பத்திரிக்கும் குறிப்போடு அனுப்பு என்று அழுத்தினாள். அதே குறிப்பை, திங்கட்கிழமை எடுத்த வீடியோவோடு, மார்ச்சில் போட்ட மெயிலோடு, உடுமலைப் பெரிய டாக்டருக்கு அனுப்பினாள். மருத்துவக் கருவிகள் மேல் புகார் வாங்குகிற அரசு அலுவலகத்துக்கும் அனுப்பினாள். இன்னும் இரண்டு நிமிஷத்தில் கண்ணாடி அறைக்குள் போன் அடிக்கும். அதற்குள், ஆஸ்பத்திரி விசாரணைத் தாளில் ரெஜினாமேரியின் கையெழுத்துக்குக் கீழே இருந்த நம்பரைப் பார்த்துப் போன் போட்டாள்.

"யாருங்க?" என்றது குரல். பின்னால் குக்கர் விசில், யாரோ டிவி பார்க்கிற சத்தம். வஞ்சிக்கொடி பெயரைச் சொன்னாள், கம்பெனி பெயரைச் சொன்னாள். அந்தப் பக்கம் மூச்சு மாறியது தெரிந்தது. "இன்னும் என்னங்க வேணும் உங்களுக்கு? கையெழுத்துத்தான் வாங்கீட்டீங்கல்ல." "இல்லீங்க ரெஜினா, கேளுங்க. நீங்க கிளிப்ப சரியாத்தான் மாட்டியிருந்தீங்க. தப்பு மெஷினோடது. நாங்க செஞ்ச தப்பு. அன்னைக்கு நழுவியிருக்கலாம்னு நான் சொன்னேன் பாருங்க, தெரியாமச் சொன்னது, அது தப்பு. எல்லாம் எழுதி உங்க பெரிய டாக்டருக்கு அனுப்பீட்டேன், இப்பத்தான்." கட்டாகிவிட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வினாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. "மூணு வாரமுங்க" என்றாள் ரெஜினாமேரி கடைசியில். குரலில் அழுகை இல்லை, அரம் மாதிரி இருந்தது. "மூணு வாரமா எங்க மாமியார் எங்கையில சோறு வாங்கித் திங்கல. ஒரு ஆளக் கொல்லப் பாத்தவளாம் நானு. எங்க வீட்டுக்காரரு ஒரு வார்த்தை கேக்கல, நம்பறேன்னும் சொல்லல. இன்னைக்கு வந்து சாவகாசமாத் தப்புங்கறீங்க." "ஆமாங்க" என்றாள் வஞ்சிக்கொடி. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை நாக்கு வரை வந்தது, அது தனக்காகக் கேட்பது போலிருந்தது, விழுங்கினாள். அங்கே ஏதோ நகர்ந்தது. டிவி சத்தம் சட்டென்று நின்றது. "ஏனுங்க, லைன்ல இருங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். எல்லாரும் இங்கதான் இருக்காங்க. இப்பச் சொன்னீங்கல்ல, அத மொதல்ல இருந்து சொல்லுங்க." கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சபரீசன் வேகமாக வந்துகொண்டிருந்தான், கையில் போன், "வஞ்சி, வஞ்சி, என்ன அனுப்புனீங்க?" என்றபடி. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. அந்த வரிசையில் எல்லோரும் தட்டுவதை நிறுத்தியிருந்தார்கள். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள், உடுமலையில் ஒரு வீட்டுக் கூடத்துக்குக் கேட்க வேண்டிய குரலில், "எம் பேரு வஞ்சிக்கொடிங்க. அந்த மெஷினுக்குக் கெர்னல் அமைச்சது நான்தான்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.